பீரங்கியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஒரு வட்டாரத்தின் அல்லது ஒரு ரெஜிமென்ட்டின் போர் வரலாற்றை மட்டும் சொல்லும் சிறிய அருங்காட்சியகங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: குடும்பத்தோடு ஒரு போர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அறை அறையாகத் துப்பாக்கி, வாள், பதக்கம். வெளியே வந்தபோது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எப்படித்தான் பார்ப்பது?

எதைத் தேடிப் போகிறோம் என்பதில்தான் இது தொடங்குகிறது. தலைநகரங்களில் உள்ள பெரிய அருங்காட்சியகம் ஒரு போரை முழுதாகச் சொல்லப் பார்க்கும். வட்டார அருங்காட்சியகத்தால் அது முடியாது. அதன் பலம் வேறு. இந்தப் பகுதியிலிருந்து யார் போனார்கள், எதைக் கொண்டுபோனார்கள், யார் திரும்பவில்லை என்பதை அங்கே தெரிந்துகொள்வதுபோல வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது. துப்பாக்கி வரிசையில் நேரத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகையையும் கடிதப் பெட்டியையும் ஓட்டமாகக் கடந்து போனால் அந்த இடத்தின் உயிரையே தவறவிட்டதாக அர்த்தம்.

முதலில் எதையும் படிக்காமல் கால் மணி நேரத்தில் எல்லா அறைகளையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கண்ணை இழுத்த நான்கைந்து பொருள்களை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு திரும்பிப் போய் அவற்றின் முன் நில்லுங்கள். பொருளை முதலில் பாருங்கள், விளக்க அட்டையை அப்புறம் படியுங்கள். அட்டையை முதலில் படித்தால் அது சொல்வதை மட்டுமே கண் தேடும். எதனால் செய்யப்பட்டது, எங்கே முத்திரை இருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் கவனியுங்கள். இடுப்புப் பட்டையில் எந்தத் துளை நீண்டு கிழிந்திருக்கிறதோ அந்த அளவுதான் அதை அணிந்தவரின் இடுப்பு. வாள் உறையின் வாய்ப்பகுதி தேய்ந்திருந்தால் அந்த வாள் பலமுறை உருவப்பட்டிருக்கிறது.

அட்டையில் உள்ள வினைச்சொல்லையும் கவனியுங்கள். ‘இன்னார் பயன்படுத்தியது’, ‘பயன்படுத்தியதாகச் சொல்லப்படுவது’, ‘அக்காலத்து வகை’, ‘மாதிரி’ ஆகிய நான்கும் வெவ்வேறு செய்திகள். நான்காவதைப் படம் எடுத்து வந்து முதலாவதாக ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். தவறு பரவுவது இப்படித்தான்.

மூலையில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். பல அருங்காட்சியகங்களில் அது 1978.45.3 என்ற வடிவில் இருக்கும். 1978ஆம் ஆண்டு வந்தது, அந்த ஆண்டின் 45ஆவது வரவு, அந்த வரவில் மூன்றாவது பொருள் என்று பொருள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு அலுவலகத்தில் கேட்டால் யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள். எண் இல்லாமல் ‘அந்த மூலையில் ஒரு கத்தி இருந்ததே’ என்று கேட்டால் அவர்களாலும் உதவ முடியாது.

கேள்வி: வாசலில் நிற்கும் பழைய பீரங்கிக்கு எந்த விளக்கமும் இல்லை. எந்தக் காலத்தது, யாருடையது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பீரங்கி தன் அடையாள அட்டையைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பூசிய கறுப்புப் பெயின்ட் அதை மூடிவிடுவதுதான் சிக்கல். எழுத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். இல்லையென்றால் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு டார்ச்சைக் குழாயை ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். மேடு பள்ளம் நிழலாக எழுந்து வரும். சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பது, சுரண்டிப் பார்ப்பது இரண்டும் கூடாது.

பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. குழாயின் முதுகில் அரசச் சின்னம் இருக்கும். பிரிட்டிஷ் பீரங்கியானால் கிரீடமும் அதன் கீழ் ஜி.ஆர். என்ற பின்னல் எழுத்தும் ஜார்ஜ் மன்னர்களைக் குறிக்கும், உள்ளே 2 அல்லது 3 என்ற எண்ணும் இருக்கலாம், வி.ஆர். என்றால் விக்டோரியா. வி, ஓ, சி மூன்றும் பின்னியிருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் மேல் ஏ என்ற எழுத்து இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளையின் உடைமை. கோழிக்கால் போன்ற மூன்று கோட்டு அம்பு முத்திரை பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு அடையாளம்.

அடுத்த இடம், குழாயின் நடுவில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைத் துண்டுகள். வண்டியில் பீரங்கியைத் தாங்குபவை இவைதான். இவற்றின் வட்ட முகத்தில் வார்த்த ஆலையின் பெயரோ முதலெழுத்தோ, வரிசை எண்ணோ, ஆண்டோ இருக்கும். இந்தத் துண்டுகளே இல்லாமல் அடிப்பக்கம் ஒரு வளையம் மட்டும் இருந்து, குழாயும் குட்டையாக இருந்தால் அது கரோனேட் என்ற கப்பல் பீரங்கி. ஸ்காட்லாந்தின் கரோன் ஆலை 1770களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வகை இது. ஆகவே அதற்கு முந்தைய சண்டை எதோடும் அதைச் சேர்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, பின்பக்கம். பிரிட்டிஷ் பீரங்கிகளில் அங்கே 20–2–14 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். பலர் இதைத் தேதி என்று நினைத்துவிடுகிறார்கள். இது எடை. முதல் எண்ணை 112ஆலும் இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டுங்கள். 2240 + 56 + 14 = 2310 ராத்தல், அதாவது ஏறத்தாழ 1048 கிலோ. நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் நீங்கள் படித்ததில் பிழை, அல்லது அது வேறு நாட்டுப் பீரங்கி.

நான்காவது, வாய். குறுக்கு விட்டத்தை அளந்தால் எத்தனை ராத்தல் குண்டு என்று சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் அளவில் 93 மி.மீ. என்றால் 6 ராத்தல், 107 என்றால் 9, 117 என்றால் 12, 148 என்றால் 24 ராத்தல். துருப்பிடித்த இரும்பில் வாய் சில மில்லிமீட்டர் அகன்றிருக்கும், ஆகவே அருகில் உள்ள சிறிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைத்திருக்கும் குண்டு வாய்க்குள் தொளதொளவென்று இருந்தால் வேறு பீரங்கியின் குண்டு என்று முடிவுகட்ட வேண்டாம். 12 ராத்தல் குண்டின் விட்டம் ஏறத்தாழ 112 மி.மீ. தான். குண்டுகள் அச்சு உருண்டையாக வார்க்கப்படவில்லை, சுடச் சுட உள்ளே கரியும் படியும் என்பதால் அந்த ஐந்து மில்லிமீட்டர் வேண்டுமென்றே விடப்பட்டது.

காயங்களையும் தேடுங்கள். பின்பக்க மேலே, தீ வைக்கும் துளையில் இரும்பு ஆணி இறுகியிருந்தால் எதிரி கையில் சிக்கிப் பயன்படக் கூடாது என்று அடித்தது. பக்கத் துண்டு ஒன்று உடைக்கப்பட்டிருந்தாலும் அதே நோக்கமாக இருக்கலாம். பச்சை பூத்த வெண்கலப் பீரங்கியில் தீத்துளை அகன்று பள்ளமாகியிருந்தால் நிறையச் சுட்ட பீரங்கி; வெண்கலம் மென்மையானது, சூட்டில் துளை தின்னப்படும். ஆனால் வெண்கலம் வெடிக்கும் முன் புடைத்து எச்சரிக்கும். வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் சிதறும். வெண்கலத்துக்கு விலை பல மடங்கு என்று தெரிந்தும் படைகள் அதை விடாமல் வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம்.

கீழே உள்ள வண்டியை மட்டும் நம்பாதீர்கள். மர வண்டி மக்கிவிடும், இப்போது நிற்பது பெரும்பாலும் பின்னால் செய்து வைத்தது. நான்கு சின்னச் சக்கர வண்டி கப்பலுக்கும் கோட்டைக்கும் உரியது, இரண்டு பெரிய சக்கர வண்டி களத்துக்கு உரியது. இரண்டையும் மாற்றி வைத்திருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

கேள்வி: 25 கிலோ எடையுள்ள வாளால் ஒரு தளபதி சண்டையிட்டார் என்று வழிகாட்டி சொன்னார். வாளின் நடுவில் ரத்தம் வழிவதற்குப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நம்பலாமா?

இரண்டும் சரியல்ல. ஒரு கையால் வீசும் போர்வாள் ஏறத்தாழ ஒரு கிலோ, கூடினால் ஒன்றரை. இரு கைகளால் பிடிக்கும் பெரிய வாளே பொதுவாக இரண்டிலிருந்து மூன்றரை கிலோவுக்குள்தான். அதைவிடக் கனமானவை ஊர்வலத்தில் தூக்கிப் போகவும் சடங்குக்கும் செய்தவை. வாளின் வேலை வேகம். ஒரு வீச்சுக்குப் பிறகு அடுத்த வீச்சுக்குத் திருப்ப முடியாத வாள் அதைப் பிடித்தவரையே காவு கொடுத்துவிடும். ஒரு வீரரைப் பெருமைப்படுத்த எடையைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ வாளை மணிக்கணக்கில் வீசுவதற்கே அசாத்தியப் பயிற்சி வேண்டும்.

பள்ளம் எடையைக் குறைப்பதற்கு. நடுவில் உலோகத்தை எடுத்துவிட்டாலும் வாளின் விறைப்பு பெரிதாகக் குறையாது, கை கனமும் குறையும். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: சீருடைகள் வைத்திருக்கும் அறை மட்டும் இருட்டாக இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை, படமும் எடுக்க முடியவில்லை. விளக்குப் போடக் கூடாதா?

அந்த இருட்டு அக்கறையால் வந்தது. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மேல் விழும் ஒளி 50 லக்ஸை (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை போகலாம். உலோகத்துக்கு ஒளியால் கேடில்லை, அதனால்தான் வாள் அறை பளிச்சென்று இருக்கிறது. ஒளியின் கேடு சேர்ந்துகொண்டே போவது: 500 லக்ஸில் 100 மணி நேரம் வைப்பதும் 50 லக்ஸில் 1000 மணி நேரம் வைப்பதும் சாயத்துக்கு ஒன்றுதான். வெளுத்த நிறம் திரும்பாது. பட்டுக் கொடிகளின் நிலை இன்னும் மோசம். கம்பத்தில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே இழை இழையாகக் கிழியும். கொடியைப் படுக்கவைத்தோ வலைத்துணியில் தைத்தோ வைத்திருந்தால் அந்த அருங்காட்சியகத்தில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெயிலிலிருந்து நேராக அந்த அறைக்குப் போகாதீர்கள். வேறு அறைகளைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, செல்போனைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், சற்றுச் சாய்த்து எடுங்கள். கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கண்ணாடியில் அதுதான் முதலில் விழும்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர். சீருடையில் ஒரு படமும் ஒரு வெள்ளிப் பதக்கமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குப் போனால் மேலும் விவரம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிட்டுப் போங்கள்.

பதக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி, 36 மி.மீ. விட்டம். அதன் விளிம்பைச் சுற்றி சிப்பாயின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் பொறித்திருக்கும். ‘1914–15 நட்சத்திரம்’ என்ற பதக்கம் என்றால் இதே விவரம் பின்புறத்தில் இருக்கும். விளிம்பு எழுத்து மென்மையாகத் தேய்ந்திருக்கலாம், ஆனாலும் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். ஒவ்வொரு தடவை பளபளப்பாக்கும்போதும் கொஞ்சம் எழுத்து போகிறது. எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறொருவரிடம் போய் நிற்பீர்கள். 1920க்கு முன்பு பிரிட்டிஷ் படையில் எண்கள் அந்தந்த ரெஜிமென்ட்டுக்குள் மட்டுமே தனித்தவை. ஒரே எண் பல பேருக்கு இருந்தது. எண், பெயர், பிரிவு மூன்றும் பொருந்த வேண்டும்.

படத்தில் தொப்பிச் சின்னமும் தோள்பட்டை எழுத்தும் முதலில். அடுத்து கைகள். இடது முன்கையில் செங்குத்தாகச் சிறு உலோகக் கோடு இருந்தால் காயம்பட்டவர்; இது 1916இல் வந்த அடையாளம், ஆகவே படம் அதற்குப் பிந்தியது. வலது முன்கையின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன ‘ப’ கவிழ்ந்ததுபோல் கூரான கோடுகள் இருந்தால் கடல்கடந்து பணிபுரிந்த ஆண்டுகள். 1918இல் தொடங்கி அணிந்தது. இடது கையின் கீழ்ப்பகுதியில் கூர்முனை மேல்நோக்கிய பெரிய கோடுகள் நன்னடத்தைக்கானவை. அவற்றைப் பார்த்து ‘சார்ஜென்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். பதவிக் கோடுகள் மேற்கையில், கூர்முனை கீழ்நோக்கி இருக்கும்.

மார்பில் உள்ள ரிப்பன்களைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஊகித்துச் சொல்வது ஆபத்து. அக்காலத்துத் தகடுகள் பல சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், நீலம் வெளுப்பாகவும் விழும். சிவப்பு, வெள்ளை, நீலம் கொண்ட ரிப்பன் அந்தப் படத்தில் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்துத்தான் இருக்கும். இணையத்தில் வரும் ‘வண்ணமேற்றிய’ படங்கள் இதை அறியாமல் ஊகித்தவை. அவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமில்லாமல் தேடலாம். இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பதிவு அதில் இருக்கிறது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றித் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. கோப்பு கிடைக்கவில்லை என்றால் அவர் பணியாற்றவில்லை என்று அர்த்தமல்ல. பிரிட்டிஷ் சிப்பாய்களின் முதல் உலகப் போர்க் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940இல் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 160 முதல் 180 லட்சம் கோப்புகள் போயின. தனிநபர் கோப்பு இல்லாதபோது பட்டாலியனின் போர் நாட்குறிப்பைக் கேளுங்கள். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அபூர்வமாகவே வரும், ஆனால் அவர் இருந்த பிரிவு எந்தத் தேதியில் எங்கே நின்றது என்பது நாள்வாரியாக இருக்கும்.

அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். சின்ன இடங்களில் ஆவணப் பொறுப்பாளர் வாரத்தில் சில நாட்களே இருப்பார். எண், பெயர், பிரிவு, படத்தின் இரு பக்க ஸ்கேன் ஆகியவற்றை அனுப்பி, ஒரே ஒரு தெளிவான கேள்வி கேளுங்கள். ‘எங்கள் தாத்தாவைப் பற்றி எல்லாம் சொல்லுங்கள்’ என்றால் கடிதம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

கேள்வி: வெளியே நிற்கும் டாங்கியில் ஓட்டைகள் இருக்கின்றன. போரில் விழுந்தவையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கைப்பற்றிய பல டாங்கிகள் அருங்காட்சியகத்துக்கு வரும்முன் பல ஆண்டுகள் பயிற்சிக் களத்தில் குறியிலக்காக நின்றவை. எல்லாப் பக்கமும் சமமாகத் துளைபட்டிருந்தால் பயிற்சிக் களத்தையே சந்தேகியுங்கள். விரல் நுழையும் அளவுக்குச் சிறிய துளையும் சுற்றிலும் சிதறிய தழும்பும் இருந்தால் குவிவெடி குண்டு, அதாவது வெடிப்பின் விசையை ஒரே புள்ளியில் குவித்துக் கவசத்தைத் துளைக்கும் குண்டு. விளிம்பு பிதுங்கிய பெரிய வட்டம் என்றால் திடக்குண்டு. நீளமாகத் தோண்டிய பள்ளம் என்றால் குண்டு சறுக்கிப் போயிருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்த இடம் அது.

வகையைச் சக்கரத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள் இருந்து, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் இடைவெளி கூடுதலாக இருந்தால் டி-54 அல்லது டி-55. ஐந்து சக்கரங்களில் பின்பக்கத்து இடைவெளிகள் அகன்றிருந்தால் டி-62. ஆறு சின்னச் சக்கரங்கள் இரண்டிரண்டாகத் தொகுத்திருந்தால் ஷெர்மன். மேலே உள்ள பெயின்ட்டையும் எண்களையும் நம்ப வேண்டாம், அவை பின்னால் பூசியவை.

கேள்வி: போர் வரைபடத்தில் உள்ள பெட்டிகள் புரியவில்லை.

செவ்வகத்துக்குள் பெருக்கல் குறி காலாட்படை, நீள்வட்டம் கவசப்படை, கரும்புள்ளி பீரங்கிப்படை. பெட்டியின் தலையில் உள்ள குறி படைப்பிரிவின் அளவைச் சொல்லும். சிறியதிலிருந்து பெரியதாக: ஒரு கோடு என்றால் கம்பெனி, இரண்டு கோடு என்றால் பட்டாலியன், மூன்று கோடு என்றால் ரெஜிமென்ட், ஒரு எக்ஸ் என்றால் பிரிகேட், இரண்டு எக்ஸ் என்றால் டிவிஷன், மூன்று எக்ஸ் என்றால் கோர். நிறத்துக்குக் குறிப்புப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதுங்குகுழி வரைபடங்களில் 1918 தொடக்கம் வரை ஜெர்மன் வரிசை சிவப்பு, அதன்பின் நீலம்.

கேள்வி: வீட்டில் பழைய பதக்கங்கள், கடிதங்கள், ஒரு பித்தளைக் குண்டு இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். எப்படிக் கொடுப்பது?

குண்டைப் பற்றி முதலில். அதை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகவே கூடாது. அசைக்காதீர்கள், துடைக்காதீர்கள், காவல் துறைக்குத் தகவல் கொடுத்து அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் யாரையும் விடாதீர்கள். நூறு ஆண்டு அலமாரியில் இருந்ததால் அது செத்துவிட்டது என்பது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. பழைய குண்டுகள் சிலவற்றில் நிரப்பிய பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, தட்டினாலே வெடிக்கும் உப்புகளை உண்டாக்கும். அடிப்பக்கம் சுட்ட தழும்போடு, உள்ளே வெறுமையாக, முனை திறந்திருக்கும் தோட்டா உறை வேறு விஷயம். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் சந்தேகத்தை ஆபத்தின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும்.

பதக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் பிசுபிசுத்து உலோகத்தில் பச்சையாக ஒட்டும். அமிலமில்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒருவரின் பதக்கங்களை வாரிசுகளுக்குள் பங்கு போட்டுப் பிரிக்காதீர்கள். கடிதங்களுக்கு லாமினேஷனும் செலோடேப்பும் எதிரி. படத்தின் பின்னால் பேர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில். பேனா மை முன்பக்கம் ஊறிவரும்.

கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இவர் யார், எப்படி உறவு, இந்தப் பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கூடவே கொடுங்கள். பெயரில்லாத பதக்கத்தைவிடப் பெயரோடு வரும் பொத்தான் அவர்களுக்கு மதிப்பு மிக்கது. நன்கொடையா, கடனா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நன்கொடை என்றால் உரிமை அவர்களுடையது, திரும்பக் கேட்க முடியாது. எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். சேகரிப்பில் சிறு பகுதிதான் எந்த நேரத்திலும் காட்சியில் இருக்கும், துணியையும் காகிதத்தையும் ஒளியிலிருந்து ஓய்வெடுக்க உள்ளே எடுத்துவைத்தாக வேண்டும். கடன் என்றால் எத்தனை ஆண்டு, காப்பீடு யார் பொறுப்பு, புதுப்பிக்க யார் யாருக்கு எழுத வேண்டும் என்ற மூன்றும் தாளில் இருக்கட்டும். முகவரி மாறினால் அவர்களுக்குத் தெரிவியுங்கள். கடன் கொடுத்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பொருளை அவர்கள் காட்சிக்கும் வைக்க முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. கிடங்கில் அப்படியே கிடக்கும்.